எத்தினி துணி?

இது உண்மையாக நடந்தது. நடக்காமல் இருந்திருந்தால் எனக்குத்தான் முதல் லாபம். ஏனென்றால், கடலூர் மாவட்டத்தில் பேய்களை முழுமையாக ஒழித்தவன் நான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருடம் எங்கள் கல்லூரிக் கலைவிழாவில், பேய் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். பேசி முடித்தபோது பேய் இல்லை. எதிரணியில் பேசியவனே வந்து கைகொடுத்து, "இல்லதான் மச்சான்" என்று ஒப்புக்கொண்டான். முதல் பரிசாக ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆகவே பேய் இல்லை. அதன் பிறகு எவனாவது பேயைப் பார்த்தேன் என்று வந்தால், அதை என் தனிப்பட்ட கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, அவன் அழும் வரை கேலி செய்து அனுப்புவது என் வழக்கமாயிற்று.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அது வந்தது. இன்றைக்கும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யார் மேல் என்று போகப் போகச் சொல்கிறேன். ஒருவர் இருவர் இல்லை.

என் பெயர் இளமாறன். சொந்த ஊர் காடாம்புலியூர். அக்கா நந்தினி நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், குமரவேல் மாமா, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. அவர்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. மகிழினி. கூப்பிடுவது மகி.

அக்கா இருக்கும் தெருவில் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில், கைக்குழந்தை இருக்கும் வீட்டு வேலியோரம் அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து நிற்பாள். "எத்தினி துணி?" என்று கேட்பாள். காலையிலிருந்து குழந்தை எத்தனை துணியை மூத்திரத்தில் நனைத்தது என்று அர்த்தம். உள்ளே இருப்பவள், அடுப்பில் என்ன கொதித்தாலும் விட்டுவிட்டு, "ஏழுக்கா", "எட்டுக்கா" என்று குரல் கொடுப்பாள். வந்தவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வேறு பேச்சே கிடையாது. டயபர் கட்டுகிற வீட்டிலும் துணி என்றுதான் கேட்பார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது இதைக் கண்டுபிடித்தேன். விடுவேனா? பக்கத்து வீட்டு தனம் அத்தை கேட்பதை வாசற்படியில் உட்கார்ந்தபடி திருட்டுத்தனமாகப் படம் பிடித்தேன். மேலே செய்தி வாசிக்கிற குரலில், "டவுன்ஷிப் ஈரத்துணிக் கணக்கெடுப்புத் துறை வழங்கும் இன்றைய நிலவரம்" என்று பேசி ரீல் போட்டேன். டவுன்ஷிப்பே பார்த்தது. கேன்டீனில் தனம் அத்தையின் வீட்டுக்காரரைப் பிடித்து, "என்னண்ணே, உங்க வூட்ல இன்னைக்கு எத்தினி துணி?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அது பொங்கலுக்கு. நான் சொல்ல வந்தது மே மாதம் நடந்தது.

செமஸ்டர் லீவு. ராத்திரி வந்து இறங்கினேன். மகிக்கு அன்று காலையிலிருந்தே பேதி, வாந்தி. ராத்திரி முழுக்க அக்கா கண் மூடவில்லை. விடிந்ததும் பண்ருட்டியிலிருந்து அவள் மாமியார் சாமியம்மாள் போனில் வைத்தியம் பார்த்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"பல்லு மொளைக்குதுடி. அப்பிடித்தான் போவும். பாலு குடுக்காத. குடுக்கக் குடுக்க இன்னும் பிச்சிக்கினு போவும். தண்ணியும் காட்டாத. வயிறு காயட்டும்."

வயிறு காயட்டும். எட்டு மாதக் குழந்தைக்கு. கருவாட்டுக்குச் சொல்வதைப் போல.

அக்கா அதையும் கேட்டாள். தூக்கமில்லாதவள், யார் எதைச் சொன்னாலும் கேட்பாள்.

மாமாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் போனால் ராத்திரி பத்தரைக்குத்தான் வருவார். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார். சட்டையை மாட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா நந்தினி?" என்று கேட்டார். "பஸ்ஸு வந்துடும், நீ கெளம்பு. வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா.

இந்த ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும், ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். சிலிண்டர் மாட்டணுமா, ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். பெண் பார்க்கப் போகணுமா, ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். மாமியார் மருமகள் சண்டையைக்கூட பாதியில் நிறுத்தி வைத்து, ஆள் வந்து கைகால் கழுவிய பிறகுதான் மீதியைப் போடுவார்கள். உடம்புக்கு வந்தாலும் அதேதான். ஆஸ்பத்திரி பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருப்பார்கள்.

மாமாவின் பஸ் போனதும் தனம் அத்தை வாசலில் வந்து நின்றார். நான் படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே பார்த்துக் கேட்டார்.

"எப்பிடி இருக்கு நந்தினி?"

"நின்னுடுச்சுக்கா. காத்தால ஒருவாட்டி போச்சு. அப்புறம் துணியே நனையல."

"அப்ப சரியாப் போச்சு. குமரவேலு ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். எதுக்கும் ஒருவாட்டி காட்டிட்டு வந்துடுங்க."

இன்னும் எதையோ கேட்க வாயைத் திறந்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டு போய்விட்டார்.

எங்களுக்கெல்லாம் நிம்மதி. துணி காய்ந்து கிடப்பது நல்ல செய்தி. அக்கா குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே பாயில் விழுந்தாள். "கொஞ்சம் பாத்துக்கடா." விழுந்த மாதிரியே தூங்கிவிட்டாள்.

மகியும் தூங்கினாள். நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

மணி 4.10. பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நடுத்தரையில் போய் நின்றேன். அனல் காற்று. எங்கேயோ கொட்டி வைத்த கரித்தூள் எல்லாம் கிளம்பி வந்து சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் படிந்திருந்தது. கொடியில் மகியின் துணிகள் அப்பளம் மாதிரி விறைத்துத் தொங்கின.

"எத்தினி துணி?"

திரும்பினேன்.

பின்பக்கச் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். வேலி என் மார் உயரம். அவளுக்கும் மார் வரைதான் மறைத்தது. என் வயதைவிட நாலைந்து கூட இருக்கலாம். கையில் மடித்த வெள்ளைத் துணிகள், ஒரு கட்டு. பின்தெருப் பெண் போல என்று நினைத்தேன். ரீலைப் பார்த்துவிட்டு வம்புக்கு வந்திருக்கிறாள் என்றும் நினைத்தேன்.

"நிலவரம் இன்னும் வரலீங்க. ஆறு மணி செய்தியில சொல்லுவாங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"எத்தினி?"

"எல்லாம் காஞ்சி கெடக்குது பாருங்க. நல்லாயிடுச்சு."

அவள் கொடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயடியில் வரிசை தாண்டியவனைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு கோபம். முன்பின் தெரியாதவள் என்னை ஏன் முறைக்க வேண்டும்? எனக்கும் கோபம் வந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தபோது ஒன்று கவனித்தேன்.

காற்றில் வேலி முழுக்க ஆடுகிறது. செம்பருத்திப் பூக்கள் தலையை அடித்துக்கொள்கின்றன.

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி ஆடவில்லை.

உள்ளே மகி முனகினாள். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பெண் போயிருந்தாள்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. முடிக்கு எண்ணெய் வைத்திருப்பாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிபன் கேரியர் வாங்கியவன் இல்லையா.

அந்தத் தெருவில் ஒரு நாய் உண்டு. யாரையும் வேலை பார்க்க விடாமல் கத்திக்கொண்டே இருப்பதால் மாமா அதற்கு ஃபோர்மேன் என்று பெயர் வைத்திருந்தார். காக்கா உட்கார்ந்தாலும் குரைக்கும். அது அப்போது பின்கட்டுப் படியோரம்தான் படுத்திருந்தது. அந்தப் பெண் வந்ததற்கு ஒரு குரை இல்லை. நான் பார்த்தபோது, வீட்டின் பக்கவாட்டில் நிறுத்தியிருந்த மாமாவின் ஸ்கூட்டருக்கு அடியில் போய், வாலைச் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது.

சுவரைப் பார்த்தபடி...

ஐந்தரை இருக்கும். முன்னறையில் இருந்தேன். பின்கட்டில் சத்தம் கேட்டது.

டப்.

காய்ந்த துணியை உதறினால் வருமே, அந்தச் சத்தம்.

டப்... டப்...

அக்கா எழுந்துவிட்டாளோ என்று பார்த்தேன். பாயில் கிடந்தாள். கை தூளிக் கயிற்றில். நல்ல தூக்கம்.

பின்கட்டுக்குப் போனேன். யாரும் இல்லை.

கொடியில் துணிகள் இருந்தன. விறைத்துத் தொங்கிய அத்தனையும் இப்போது இரண்டாக மடித்து, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, ஒழுங்காகத் தொங்கின.

நான் மடிக்கவில்லை.

கீழே பார்த்தேன். சிமெண்டுத் தரை முழுக்கக் கரித்தூள். அதில் கால்தடம் இருந்தது. வாசற்படியிலிருந்து நடுத்தரை வரைக்கும், திரும்பவும் படிக்கு. நான் நாலு மணிக்கு நடந்தது.

அது மட்டும்தான்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டேன். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை.

6.20. கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் கரண்ட் போனது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு ரீல் போட்டிருப்பேன்.

ஃபேன் சுற்றி நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் தூளியிலிருந்து அது கேட்டது.

மகி அழுகிறாள். ஆனால் அது அழுகை மாதிரி இல்லை. பூனைக்குட்டி பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. மெல்ல... விட்டு விட்டு...

போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போனேன். தூளிச் சேலையை விலக்கினேன். முகம் சுருங்கி, வாய் திறந்து அழுகிறாள். உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் குழிக்குள் இருந்து பார்த்தன. வெளிச்சம் பட்டும் கண்ணைச் சுருக்கவில்லை.

டப்.

இந்த முறை வெளியே இல்லை.

டப்.

அறைக்குள். தூளிக்கு அந்தப் பக்கம்.

"எத்தினி துணி?"

எனக்கு வெளிச்சத்தைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் இல்லை. தூளிச் சேலைக்குக் கீழே தரை தெரிந்தது. அந்தப் பக்கம் யாராவது நின்றால் கால் தெரிய வேண்டும்.

கால் இல்லை.

"எத்தினி?"

"...ஒண்ணுகூட இல்ல."

முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"எப்பலேர்ந்து?"

"காத்தாலேர்ந்து."

பிறகு, மிகப் பக்கத்தில்...

"எனக்கும் ஒண்ணுகூட நனையல. நின்னுடுச்சு, நல்லாயிடுச்சின்னாங்க."

தூளி தானாக ஒரு முறை ஆடி நின்றது.

"அழுவுதே. கண்ணுல தண்ணி வருதா?"

பார்த்தேன். வரவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

"உச்சியத் தொடு."

தொட்டேன். தலையின் நடுவில் மெத்தென்று துடிக்குமே, அந்த இடம்... என் விரல் உள்ளே இறங்கியது. கரண்டிக் குழி மாதிரி.

"ஷிப்ட்டு முடியட்டும்னாங்களா?"

நான் உச்சியிலிருந்து விரலை எடுத்தேன்.

"முடியட்டும்னாங்களா?"

இப்போது அது கேள்வி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்த குரல். அவ்வளவு கோபமான குரலை நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

"எழுப்புடா!"

எழுப்பினேன். கத்தியே எழுப்பினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அக்கா அலறிக்கொண்டு எழுந்தாள். தூளியில் இருந்த மகியை அள்ளினாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா "மகி... மகி..." என்று கன்னத்தைத் தட்டினாள். குழந்தை பார்த்தது. யாரையோ பார்ப்பது மாதிரி பார்த்தது.

கதவு தட்டும் சத்தம். தனம் அத்தை. என் கத்தல் கேட்டு ஓடி வந்திருந்தார்.

"என்னாச்சு? இன்னும் நாலு மணி நேரம்தானே, குமரவேலு வந்துடுவான்..."

எனக்குள் ஏதோ அறுந்தது.

"வந்து? வந்து அவர் என்னா பண்ணுவாரு? ஊசி போடுவாரா? பெல்ட்டுல வெச்சு ஓட்டுவாரா? ஷிப்ட்டு, ஷிப்ட்டு, ஷிப்ட்டு! கொழந்த காஞ்சிப்போயி கெடக்குது, எல்லாரும் பஸ்ஸு வரட்டும்னு பாத்துகினு இருக்கீங்க! அந்தக் கெழவி போன்ல வயிறு காயட்டும்னுது, நீ அதயும் கேட்டுகினு பாலு குடுக்காம படுத்துகினு இருக்க!"

கடைசி வரி அக்காவுக்கு. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன். அக்கா தலையை முடிந்துகொண்டு, குழந்தையோடு ஸ்கூட்டர் பக்கம் நடந்தாள்.

ஸ்கூட்டருக்கு அடியில் இருந்த ஃபோர்மேன் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடியது. இப்போதுதான் குரைத்தது. வீட்டைப் பார்த்துக் குரைத்தது.

மழை பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. தெருவிளக்கு எதுவும் எரியவில்லை. அக்கா பின்னால் உட்கார்ந்து, மகியைத் துப்பட்டாவுக்குள் மூடிப் பிடித்திருந்தாள். மெயின் ரோடு திருப்பத்தில் ஷிப்ட் பஸ் நிற்கும் இடம் வந்தது. ஸ்கூட்டர் வெளிச்சம் ஒரு நொடி அதன் மேல் விழுந்தது.

அவள் நின்றாள்.

சுரங்கம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு. கையில் அதே வெள்ளைத் துணிக்கட்டு. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழை அவள் மேல் பெய்ததாகவே தெரியவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேகம் எடுத்தேன். அக்கா கண்ணில் அவள் பட்டிருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"பாவம்டா, யாரு அது? இந்த மழையில கைக்கொழந்தய வெச்சுகினு நிக்குது?"

நான் பார்த்தது வெறும் துணி.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் குழந்தையை வாங்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு உடனே இறங்காமல் அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே முதல் கேள்வி கேட்டார்.

"காலையிலேர்ந்து எத்தனை துணி நனைஞ்சுது?"

"ஒண்ணுகூட இல்ல" என்றேன், அன்றைக்கு இரண்டாவது முறையாக.

நரம்பு கிடைக்கவில்லை. கையில் குத்தினார்கள், காலில் குத்தினார்கள். மகி அதற்கும் அழவில்லை. அக்கா வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கிடைத்தது. குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நானும் அக்காவும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. மகி முகத்தைச் சுருக்கினாள். அழுதாள். உரக்க அழுதாள். கண்ணோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நின்றது. நர்ஸ் அதைத் துடைக்காமல், "இதோ வந்துடுச்சு" என்றார். எங்கள் பட்டிமன்றத்துக்குக் கைதட்டினார்களே, அந்தச் சொட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

டாக்டரம்மா அப்புறம் எங்களை வெளியே நிறுத்தித் திட்டினார். தாராளமாகத் திட்டினார்.

"பேதி நின்னா சரியாயிடுச்சுன்னு யாரு சொன்னது? உள்ள தண்ணியே இல்ல, எப்படிப் போகும்? தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது யாரு? பேதி போனா இன்னும் அதிகமாக் குடுக்கணும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டு எல்லா மருந்துக் கடையிலயும் இருக்கு, ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்துக்கிட்டே இருக்கணும். ஆறு மணி நேரம் மூத்திரம் போகலன்னா, கண்ணு உள்ள போச்சுன்னா, கொழந்த தொவண்டுச்சுன்னா, யாருக்காகவும் காத்திருக்காம தூக்கிட்டு ஓடி வரணும். புருஷன் வர்ற வரைக்கும் இருந்திருந்தா நான் இப்ப வேற மாதிரி பேசிட்டிருப்பேன்."

பதினொரு மணிக்கு மாமா வந்தார். தனம் அத்தை சொல்லியிருப்பார். ஷிப்ட் சட்டையோடு, முகமெல்லாம் கரி. உள்ளே போய் மகியைப் பார்த்துவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு எதுக்குடா காத்துகினு இருந்தீங்க?" என்றார். "நான் என்னா டாக்டரா? நான் பெல்ட்டுக்காரன்டா."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மகி நர்ஸின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுத்தான் வந்தாள்.

சாயங்காலம் தனம் அத்தை கஞ்சி கொண்டுவந்தார். அக்கா உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டில் நின்றபடி, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன்.

"அத்த, பின்தெருவுல ஒரு பொண்ணு இருக்குதே. வெள்ளத் துணியெல்லாம் மடிச்சு வெச்சுகினு. அன்னைக்கு நாலு மணிக்கு இந்த வேலிக்கு அந்தாண்ட வந்து நின்னுது."

அத்தை கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"எங்க நின்னா?"

காட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்து வேலி வரை இழுத்துப் போனார். செம்பருத்திக் கிளையை விலக்கினார்.

அந்தப் பக்கம் தரையே இல்லை.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். வேலியை ஒட்டி, என் உயரத்துக்கு மேல் ஆழம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். மழைத் தண்ணீர் கட்டி நின்றது.

"சித்திரை பொறந்ததுலேர்ந்து இப்பிடித்தான் கெடக்குது" என்றார் அத்தை. "முன்ன இங்க ஒரு லைன் குவார்ட்டர்ஸு இருந்துச்சு. இடிச்சுட்டாங்க. நீ காட்டுன எடம் வெண்மதி வூட்டுப் பின்வாசப்படி."

நான் வேலியை விட்டு ஓரடி பின்னால் வந்தேன்.

"புருஷனுக்கு ரெண்டாவது ஷிப்ட்டு. கொழந்தைக்குப் பேதி. நின்னுடுச்சு, அவன் வரட்டும்னாங்க எல்லாரும். அவளுக்கு மனசு கேக்கல. மாத்துத்துணியெல்லாம் எடுத்துகினு, கொழந்தையத் தூக்கிகினு, பஸ்ஸு நிக்கிற எடத்துலயே போயி நின்னா, அவன் எறங்குனதும் அப்பிடியே போயிடலாம்னு. பஸ்ஸு வந்துச்சு. அவன் எறங்கி வாங்கிப் பாத்தான்..." அத்தை நிறுத்தினார். "எடுத்துகினு போன துணி ஒண்ணுகூட நனையல."

"அப்புறம்?"

"அப்புறம் தெனம் வெளக்கு வெக்கிற நேரம் ஒவ்வொரு வூட்டு வேலியா வந்து நிப்பா. எத்தினி துணின்னு கேப்பா. ஒரு வருஷம் இருந்தா. அவளும் போயிட்டா. போன பெறவும்..." அத்தை குரலைத் தாழ்த்தினார். "போன பெறவும் கேட்டுச்சு. அதான் நாங்களே முந்திக்கினு கேட்டுட ஆரம்பிச்சோம். நாங்க கேட்டுட்டா அவ வர்றதில்ல."

"இப்ப மட்டும் ஏன் வந்துச்சு?"

அத்தை என்னைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே கோபம்.

"நீதான் படம் எடுத்துப் போட்டியே. ஊரே சிரிச்சுது. வூட்டுக்காரரு, இனிமே எவ வேலிக்கும் போனா கால ஒடிச்சுடுவேன்னாரு. நாலு மாசமா இந்தத் தெருவுல ஒருத்தியும் கேக்கறதில்லடா. அன்னைக்குக்கூட வாய் வரைக்கும் வந்துச்சு. நீ படியில போனோட உக்காந்துகினு இருந்த. முழுங்கிட்டேன்."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ரீலை அழித்தேன். டிபன் கேரியரைப் பற்றி இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. எதிர் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. நாசர் அண்ணன், அவர் மனைவி ருக்சார், மூன்று மாதக் கைக்குழந்தை. அண்ணனுக்கும் இரண்டாவது ஷிப்ட். அவர் பஸ் ஏறிப் போவதைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் ஆனது. தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன். எந்த வேலியோரமும் யாரும் இல்லை. பின்கட்டில் எங்கள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று இல்லை.

டப்.

எழுந்தேன். செருப்பைக்கூட மாட்டவில்லை. தெருவைத் தாண்டி அவர்கள் வேலியோரம் போய் நின்றேன். ருக்சார் அக்கா ஜன்னலில் வந்து, யார் இந்தப் பையன் என்பது மாதிரி பார்த்தார்.

"எத்தினி துணிக்கா?" என்றேன்.

"என்னது?"

"கொழந்த... காத்தாலேர்ந்து எத்தினி துணி நனைச்சுது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாத முகம். பிறகு உள்ளே திரும்பி, கொஞ்சம் யோசித்து, "ஆறு" என்றார்.

"சரி."

வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்குத் தெரியாமல் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். செம்பருத்தி வேலிப் பக்கம் திரும்பி நின்று, நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எதிர்வூட்ல ஆறு. நம்ம வூட்ல எட்டு."